அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ்: ஊருக்குப் போவதா, வேண்டாமா?

தேரிக்காட்டான் – 5 அக்டோபர் 2025

எங்கள் ஊர் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் மேடான தேரியை ஒட்டிய சின்னக் கிராமம். கடந்த பிப்ரவரியில் அம்மா தவறிவிட்டாள். அப்பா போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அண்ணன் கோயம்புத்தூரில், நான் சென்னையில், தம்பி ஓசூரில், தங்கை திருச்சியில். வீட்டுச் சாவி சின்னையா வீட்டு ஆணியில் தொங்குகிறது.

போன வாரம் அண்ணன் அழைத்து, "இந்த வருடம் அவரவர் வீட்டிலேயே இருந்துகொள்வோம், அடுத்த வருடம் பார்ப்போம்" என்றார். துக்க வருடம், அவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் இந்த 'அடுத்த வருடம்' என்ற பேச்சை எதிர் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். அந்த வீட்டுத் திண்ணையைப் பிளந்துகொண்டு இப்போது ஒரு வேப்பமரம் நிற்கிறது.

சின்ன வயதில் டிசம்பர் பிறந்ததும் அப்பா நாசரேத்துக்குப் போய் ஒரே துணியில் மொத்தமாகக் கிழித்து வாங்கி வருவார். எங்கள் மூவருக்கும் சின்னையா பையன்களுக்கும் அதிலேதான் சட்டை. மிச்சத்தில் தங்கைக்குக் கவுன். ஆராதனைக்கு வரிசையாகப் போனால் ஏதோ விடுதிப் பிள்ளைகளை அழைத்துப் போவது போல இருக்கும். தையல்காரர் 24 இரவு பதினொரு மணிக்கும் காஜா எடுத்துக்கொண்டிருப்பார். சட்டைக்காகக் காத்திருந்து அவர் கடைப் பலகையிலேயே நான் தூங்கிப்போனதுண்டு. விடிகாலை நான்கு மணிக்குக் கோவில் மணி அடிக்கும். ஆராதனை முடிந்து வந்தால், ஊரில் அடித்த ஆட்டைக் கூறு போட்டுப் பனையோலைப் பட்டையில் கட்டிக் கொடுத்திருப்பார்கள். அந்த ஓலையின் வாசம் கறியில் ஏறியிருக்கும். இப்போது கறுப்புப் பிளாஸ்டிக் பையில் தருகிறார்கள்.

யோசிக்க அதிக நாள் இல்லை. டிசம்பர் 23 இரவு ரயிலுக்கு அக்டோபர் 24 காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். 120 நாள் முன்பே பதிவு செய்ய முடிந்த காலத்தில் ஆகஸ்டிலேயே டிக்கெட்டை எடுத்துவிட்டுப் பிறகு யோசிப்போம். 2024 நவம்பரிலிருந்து 60 நாள் ஆக்கிவிட்டார்கள், முதலில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு வருடம் வந்ததா? என்ன செய்தீர்கள்?

கோட்டாற்றுப் பேத்தி – 5 அக்டோபர்

போய் வாருங்கள். பூட்டிய வீட்டில் முதல் வருடம் விளக்கு எரியவில்லை என்றால் அடுத்த வருடம் பூட்டே திறக்காது.

எங்கள் நாகர்கோவில் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் முந்திரிக்கொத்துதான். பெயரில் இருக்கும் முந்திரி பலகாரத்தில் இருக்காது. சிறுபயறைச் சிவக்க வறுத்து, உடைத்து, தோல் புடைத்துத் திரித்துக்கொள்ள வேண்டும். துருவிய தேங்காயை ஈரம் போக வறுக்க வேண்டும். வெல்லப்பாகு கம்பிப் பதத்துக்கு வந்ததும் பாட்டா கூப்பிடப்படுவார். பதம் பார்ப்பது மட்டும் அவர் பொறுப்பு. விரலில் தொட்டு இழுத்துப் பார்த்து, "இறக்கு" என்று ஒரே சொல். அதற்கு மேல் ஒரு விநாடி தாமதித்தால் உருண்டை கல்லாகிவிடும், பாட்டிக்குப் பல் இருந்த காலத்திலேயே அது சிரமம்.

உருண்டைகள் ஒரு நாள் காய வேண்டும். அந்த ஓர் இரவுக்குத்தான் வீட்டில் காவல். மறுநாள் மஞ்சள் கலந்த அரிசிமாவில் மூன்று மூன்றாக முக்கி, ஒட்டினாற்போல எண்ணெயில் விட்டால் கொத்து. உருட்டும்போது ஆச்சி, அத்தை, சித்தி, நாங்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருப்போம். எந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யாருடைய நகை அடகில் இருக்கிறது, எல்லாம் அந்த வட்டத்தில்தான் தெரியவரும். இப்போது நான் கடையில் கால் கிலோ வாங்குகிறேன். குறை சொல்ல முடியாத ருசி. ஆனால் என் அத்தை மகளுக்கு அறுவை சிகிச்சை நடந்ததே எனக்கு நான்கு மாதம் கழித்து, யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

நெல்லைப் பெரியவர் – 6 அக்டோபர்

தம்பி, துக்க வருடத்தில் புதுத் துணியும் பலகாரமும்தான் இல்லை. ஆராதனை இல்லை என்று எந்தப் பெரியவரும் சொன்னதில்லை. கோவிலுக்கும் கல்லறைக்கும் போய் வருவதை யார் தடுக்கப் போகிறார்கள்?

இன்னொன்று. உங்கள் பக்கத்திலிருக்கும் முதலூர் 1799-இல் உண்டான ஊர். கிறிஸ்தவர்களானதால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போன குடும்பங்கள் தேரி ஓரத்தில் நிலம் வாங்கிச் சேர்ந்து குடியேறியதால்தான் அது முதல் ஊர், முதலூர். சேர்ந்து இருப்பதற்காகவே ஊர் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இப்போது ஓசூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிரிந்திருக்கிறோம். பிழைப்பு, வேறு வழியில்லை.

நான் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோவிலுக்கு எதிர்த் தெருவில் வளர்ந்தவன். 1826-இல் கட்டிய அந்தக் கோவிலின் கோபுரத்தில் நட்சத்திரம் ஏறியதும் எங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டத் தொடங்குவோம். பிளந்த மூங்கில் குச்சி பத்து: ஐந்தைக் கோத்து ஒரு சட்டம், இன்னொரு ஐந்தில் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே வயிறு உப்ப ஐந்து சிறு குச்சிகளை முட்டுக் கொடுக்க வேண்டும். மைதாப் பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் போடாவிட்டால் எலி தின்றுவிடும். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் என் தகப்பனார் என் கையைப் பிடித்து எதையாவது சொல்லிக்கொடுத்தது. மற்ற 364 நாளும் மதிப்பெண் அட்டையில் கையெழுத்து மட்டும்.

பாளை மருமகள் – 6 அக்டோபர்

எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாக எழுதப் போகிறேன், மன்னிக்கவும்.

துணி, தையல்காரர், ஓலைப் பட்டை, ஊசிக்கோபுரம் எல்லாம் வந்துவிட்டன. அந்தப் பதினைந்து நாளும் உங்கள் அம்மா எத்தனை மணிக்குப் படுத்தாள் என்று ஒருவரும் எழுதவில்லை. நான் கல்யாணமாகி வந்த முதல் டிசம்பரில் எங்கள் வீட்டில் அறுநூறு அச்சு முறுக்கு சுட்டோம். உறவுக்கு, அக்கம்பக்கத்துக்கு, அலுவலகத்துக்கு, போதகர் ஐயர்வாள் வீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. விறகடுப்புப் புகையில் கண் எரியும், முதுகு நிமிராது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் பிரசங்கம் தொடங்கியதும் நான் தூங்கிவிட்டேன். பக்கத்தில் பார்த்தால் மாமியாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர்களுக்கு அது முப்பதாவது வருடம்.

என் அம்மா வீடு இங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டை அங்கே சாப்பிட்டது இரண்டே முறை. ஒன்று தலைக் கிறிஸ்துமஸ். மற்றொன்று அப்பா படுக்கையில் கிடந்த வருடம்.

குடும்பம் சேர வேண்டும் என்கிறீர்கள். யாருடைய குடும்பம்? தேரிக்காட்டான் அவர்களே, ஊருக்குப் போவதென்றால் அம்மாவின் அடுப்படியில் இந்த வருடம் யார் நிற்கப் போகிறார்கள்? அதை முடிவு செய்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

தேரிக்காட்டான் – 7 அக்டோபர்

நேற்றிரவு பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி அழித்தேன். கோபம்தான் முதலில் வந்தது. பிறகு என் மனைவியிடம் இந்தப் பதிவைக் காட்டினேன். முழுவதும் படித்தாள். ஒன்றும் சொல்லாமல் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டில் இயேசு பிறந்த குடில் கட்டுவதற்கு நெல் முளைக்கப் போடுவோம், தெரியுமா உங்களுக்கு?" என்றாள். தெரியாது. கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆகிறது.

தேங்காய் ஓட்டில் மண் போட்டு நெல் தூவி, இரண்டு வாரம் தண்ணீர் தெளித்தால் 24-ஆம் தேதிக்கு விரல் நீளம் வளர்ந்துவிடுமாம். அதுதான் குடிலுக்குப் புல்வெளி. தினமும் காலையில் யார் ஓட்டில் அதிகம் வளர்ந்திருக்கிறது என்று அளந்து பார்ப்பார்களாம். அவளுடைய தம்பி இரவோடு இரவாக ஓடுகளை மாற்றி வைத்துவிடுவானாம். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள்.

அடுப்படிக்கு என்ன பதில் என்று இன்னும் தெரியவில்லை.

மணக்குடிக்காரன் – 8 அக்டோபர்

எங்கள் கடற்கரையில் கிறிஸ்துமஸைத் தனியாக நினைக்க முடியாது. 25 என்றால் கூடவே 26 வரும்.

2004-இல் நான் பத்தாம் வகுப்பு. 26 ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் நட்சத்திரம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, வாசலில் வெடித்தாள் குப்பை. சுனாமியில் கடல் வந்த கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், நான் எழுதவில்லை. கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் இடையே இருந்த பாலம் போய்விட்டது. அக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்த என் பெரியம்மா உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியச் சுற்றி வர வேண்டியிருந்தது. இருந்தார்கள். எங்கள் சித்தப்பா இல்லை.

அடுத்த வருடக் கிறிஸ்துமஸ் தற்காலிகக் கொட்டகையில். கொண்டாட வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அம்மா மட்டும், "பிள்ளைகளுக்குக் கடல் மேல் பயம் வந்ததே போதும், டிசம்பர் மேலும் வர வேண்டாம்" என்று சொல்லி அரைப்படி மாவில் நெய்யப்பம் சுட்டாள். சித்தி வாங்கிக்கொண்டார்கள், சாப்பிடவில்லை, கையிலேயே வைத்திருந்தார்கள். மறுநாள் எல்லோருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். இன்றுவரை அதுதான் வழக்கம். 25 மதியம் சேர்ந்து சாப்பாடு, 26 காலை சேர்ந்து மெழுகுவர்த்தி. வெளிநாட்டுக் கப்பலில் இருக்கும் அண்ணன்கூட விடுப்புக் கேட்கும்போது இரண்டு நாளையும் சேர்த்துத்தான் கேட்பான்.

2017-இல் ஒக்கி புயல் வந்தது நவம்பர் 30. அந்த டிசம்பரில் எங்கள் தெருவில் யாரும் நட்சத்திரம் கட்டவில்லை. கடலுக்குப் போனவர்கள் வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனாலும் எல்லோரும் ஊருக்கு வந்தார்கள். வந்து சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அண்ணாச்சி, துக்க வருடத்தில்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

குப்பிவிளக்கு – 8 அக்டோபர்

யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது கனடாவில் இருக்கிறேன். ஒரு இரவுப் பயணத் தூரத்தில் உடன்பிறந்தவர்களை வைத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று கேட்கும் உங்கள் மீது எனக்குக் கொஞ்சம் பொறாமை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பத்து வயதாக இருந்தபோது, போரினால் யாழ் குடாநாட்டில் மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, மிகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரியை மெல்லியதாக எடுத்துக் கொளுத்துவோம். அந்த விளக்கைத்தான் அப்பா நட்சத்திரக் கூட்டுக்குள் வைத்துத் தூக்கினார். ஐந்து நிமிடம் பார்த்தோம். எண்ணெய் வீணாகும் என்று அம்மம்மா இறக்கச் சொன்னார். ஊரடங்கினால் நள்ளிரவுப் பூசை மாலையிலேயே முடிந்துவிடும். 1995 அக்டோபர் 30 இரவு, போரினால் இடம்பெயர்ந்து, குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் நடந்து பக்கத்துத் தென்மராட்சிக்குப் போனது. அந்தக் கிறிஸ்துமஸ் எங்களுக்கு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், நான்கு குடும்பங்களோடு. கரும்பலகையில் அக்கா நட்சத்திரம் வரைந்தாள்.

இப்போது அம்மா யாழ்ப்பாணத்தில், அக்கா பாரிஸில், தம்பி மெல்பேர்னில். அம்மாவின் நள்ளிரவுப் பூசை தொடங்கும்போது எனக்கு 24 பிற்பகல் ஒன்றரை, அக்காவுக்கு இரவு ஏழரை, தம்பிக்கு 25 விடிகாலை ஐந்தரை. அம்மா கைபேசியைச் செபப் புத்தகத்தில் சாய்த்து வைப்பார். எங்களுக்குத் தெரிவது முன் வாங்கில் (பெஞ்சில்) இருப்பவரின் முதுகு மட்டுந்தான். பதினோரு வருடமாக அதே முதுகு. போன வருடம் அந்த முதுகைக் காணவில்லை. அம்மாவிடம் கேட்டோம், கண் சத்திர சிகிச்சை என்றார். மூன்று நாட்டிலிருந்து நலம் விசாரித்தோம்.

அம்மா நவம்பரிலேயே ரவைக் கேக் அடிப்பார். சீனிப்பாகில் இட்ட பூசணித் தோசி, சௌசௌ, முந்திரிப்பருப்பு போட்டு, பன்னீர் விட்டு. ஊருக்குப் போய் வருகிற யாராவது ஒருவரின் பெட்டியில் அது வந்து சேரும். சில வருடம் பெப்ரவரியில் வரும். வருகிற நாள்தான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ்.

நெல்லைப் பெரியவர் – 9 அக்டோபர்

அச்சு முறுக்குக்கு முட்டை சேர்ப்பதுண்டா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். சேர்ப்பார்கள். எங்கள் வீட்டில் சேர்ப்பதில்லை, தேங்காய்ப்பால் மட்டும்.

கோட்டாற்றுப் பேத்தி – 9 அக்டோபர்

முட்டை இல்லாவிட்டால் மொறுமொறுப்பு எங்கிருந்து வரும், ஐயா? இதை இத்தோடு விட்டுவிடுவோம். இந்தச் சண்டையில் எங்கள் வீட்டில் இரண்டு சம்பந்திகள் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

ஏரல் மாரி – 10 அக்டோபர்

நான் கிறிஸ்தவன் இல்லை, இடையில் நுழைகிறேன். எங்கள் பக்கத்து வீட்டு டீச்சர் அத்தை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பின்னல் துணி மூடிய தட்டில் பலகாரம் கொடுத்தனுப்புவார்கள். தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று அம்மா சீனியாவது போட்டுக் கொடுப்பாள். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து அதே கணக்கு.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கள் ஏரல் மூழ்கியது எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. டீச்சர் அத்தை திரித்து வைத்த மாவு, வாங்கி வைத்த நெய், எல்லாம் சேறு. அந்த 25-ஆம் தேதி காலையில் தட்டு வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வந்தது. நிவாரணத்தில் கிடைத்த பிஸ்கட் பாக்கெட் ஒன்றைப் பிரித்து அடுக்கி, மேலே அந்தப் பின்னல் துணியைத் துவைத்துப் போட்டிருந்தார்கள். துணியில் சேற்றுக் கறை போகவில்லை.

டீச்சர் அத்தையின் மகன்கள் இருவரும் அமெரிக்காவில். தட்டை வாங்கிக்கொண்டு நான்தான் உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன்.

பாளை மருமகள் – 11 அக்டோபர்

என் பதிவுக்குத் திட்டு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதனால் ஒரு யோசனை சொல்கிறேன்.

கோட்டாற்றுப் பேத்தி அக்கா சொன்ன வட்டம் எனக்கும் பிடிக்கும். மாமியாரும் நானும் மனம்விட்டுப் பேசியது அந்த அடுப்பங்கரையில்தான், அவர்களுடைய அம்மாவைப் பற்றி ஒருமுறை அங்கேதான் அழுதார்கள். எனவே வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறுநூறு வேண்டாம், அறுபது போதும். அந்த அறுபதையும் இந்த வருடம் ஆண்பிள்ளைகள் சுடட்டும். தேரிக்காட்டான் வீட்டில் மூன்று பேர் இருக்கிறீர்கள்.

தேரிக்காட்டான் – 14 அக்டோபர்

நேற்று நால்வரும் ஒன்றாகத் தொலைபேசியில் பேசினோம். தங்கைதான் இந்த இழையைச் சத்தமாக வாசித்தாள். அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு அந்த வீட்டுக்குள் நுழையப் பயமாக இருக்கிறது, அதனால்தான் அப்படிச் சொன்னேன்" என்றார். அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

முடிவு இதுதான். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு 23 வரை இழுக்கும். ஆகவே நாங்கள் மூன்று பேரும் 19 இரவே கிளம்பிப் போய் வீட்டைத் திறந்து, வெள்ளையடித்து, நட்சத்திரம் கட்டி, பலகாரம் சுடுகிறோம். துக்க வருடம் என்பதால் கொஞ்சமாக, வீட்டு மட்டுக்கு. புதுத் துணி இல்லை. பெண்களும் பிள்ளைகளும் 23 கிளம்பி 24 காலை விருந்தாளிகளாக வருவார்கள். ஆராதனையும் மதியச் சாப்பாடும் முடிந்ததும் நான் மனைவியோடு மார்த்தாண்டத்துக்குப் போகிறேன். அங்கே குடில் பிரிப்பதற்குள் போய்விட வேண்டுமாம். என் மகள் இப்போதே தேங்காய் ஓடு தேடிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு சிக்கல். 19-க்கு முன்பதிவு திறப்பது அக்டோபர் 20. தீபாவளி.

ஏரல் மாரி – 14 அக்டோபர்

அண்ணாச்சி, கவலைப்படாதீர்கள். எட்டு மணிக்கு எங்கள் ஆட்கள் எல்லாம் இட்லிக்கும் கறிக்குழம்புக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்குத்தான் வசதி.

தேரிக்காட்டான் – 20 அக்டோபர்

செந்தூர் எக்ஸ்பிரஸில் நாசரேத் வரை இருக்கை உறுதியாகிவிட்டது. 2023 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதே, அதே வண்டி. இந்த வருடம் மழை எங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணனும் தம்பியும் பஸ்ஸில் வருகிறார்கள்.

சின்னையா வீட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: பரணில் அடுப்புக்கு நேர் மேலே ஓலைப் பெட்டியில் அம்மா கட்டி வைத்த கருப்பட்டி அப்படியே இருக்கிறதாம். புகை பட்டதால் இளகவில்லையாம். அச்சு முறுக்கு அச்சும் கிடைத்தது, ஆனால் முழுக்கத் துரு. இதை என்ன செய்வது?

பாளை மருமகள் – 20 அக்டோபர்

புளியை வைத்துத் தேய்த்துத் துருவை எடுங்கள். ஓர் இரவு சோறு வடித்த கஞ்சியில் போட்டுக் கழுவித் துடைத்து, இரண்டு நாள் எண்ணெயில் ஊறட்டும். சுடும்போது அச்சு எண்ணெயோடு சேர்ந்து நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்குங்கள், மேல் விளிம்பு மூழ்கினால் முறுக்கு கழன்று விழாது.

எப்படிச் செய்தாலும் முதல் பத்து ஒட்டும், உடையும். உங்கள் வீட்டில் உடைந்ததை யார் தின்றார்கள் என்று தங்கையிடம் கேட்டுப் பாருங்கள்.

தேரிக்காட்டான் – 20 அக்டோபர்

கேட்டேன். "அம்மா உனக்காகவே உடைத்துப் போடுவாள், அது தெரியாதா உனக்கு?" என்கிறாள்.